பாஹா பாலைவனமும் கறுப்புத் தொட்டியும்

1

நேற்றுக் காலை காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்த என் முகத்தில் முகநூல் ஒரு வாளி சாக்கடையை ஊற்றியது. 'ஐந்து வருடங்களுக்கு முன் இதே நாள்' என்று பன்னிரண்டு புகைப்படங்கள். போட்டிருப்பவன் ஸ்ரீதர். 'மறக்க முடியாத கேரவான் பயணம், அந்த நாட்கள் திரும்ப வருமா' என்று எழுதி, எங்கள் குடும்பத்தின் பெயர்களையும் கோத்துவிட்டிருக்கிறான்.

படங்களில் கடல் இருக்கிறது, ஆளுயரக் கள்ளி இருக்கிறது, ஸ்ரீதரும் அவன் மனைவி வித்யாவும் இரண்டு பையன்களும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். என் மகள் யாழினி மூன்று படங்களில் ஓரமாக நிற்கிறாள். என் மனைவி ஜெயந்தி ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாள். நானும் ஒன்றில் இருக்கிறேன், முதுகு மட்டும். வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, இரண்டு கையிலும் நீல ரப்பர் உறையோடு, தடித்த குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதன் கீழே 'எங்கள் உழைப்பாளி பழனி' என்று ஸ்ரீதர் எழுதியிருக்கிறான். பன்னிரண்டில் அந்தப் படத்துக்குத்தான் விருப்பக்குறி அதிகம்.

காப்பியைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய் வாய் கொப்பளித்தேன்.

வடலூரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் ரொம்ப நாளாக, "அமெரிக்கா போயி எதுவுமே எழுத மாட்டேங்கிறீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். எழுதுகிறேன் ஐயா. இந்தப் பன்னிரண்டு படங்களிலும் வராததை எழுதுகிறேன்.

2

நம் ஊரில் கேரவான் என்றால் படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் வண்டி. இங்கே அது உருண்டுபோகும் வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் ஒரு டவுன் பஸ் நீளத்துக்குள் அடங்கிவிடும். வீட்டை விட்டுத் தப்பித்து இயற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் பைத்தியக்காரத்தனம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் சரி என்று தலையாட்டியவன் நான்தான்.

தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப்போட்டு ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். என் அப்பா இறந்து எட்டு மாதம். "மூஞ்ச தொங்கப் போட்டுட்டே இருக்காதடா, ஒரு பத்து நாள் பாஹா போயிட்டு வருவோம், வண்டி நான் எடுக்கறேன்" என்றான் ஸ்ரீதர். பாஹா என்பது நாங்கள் இருக்கும் சான் டியாகோவுக்குத் தெற்கே, மெக்ஸிகோவிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பாலைவனம். அவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். வண்டி அவன் பெயரில்.

ஸ்ரீதரும் நானும் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் எட்டாவதிலிருந்து பன்னிரண்டுவரை ஒன்றாகப் படித்தவர்கள். அவன் அப்பா ஆபீசர், பெரிய தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ். நான் டவுன்ஷிப் நுழைவு ஆர்ச்சுக்கு வெளியே, வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருபவன். நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் பார்த்துக்கொண்டாலும், மூன்றாவது பேச்சு "எந்த பிளாக்?" என்பதுதான். டவுன்ஷிப்பில் முப்பது சொச்சம் பிளாக்குகள். எண்ணைச் சொன்னால் போதும், வீடு எந்த டைப், அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்பதெல்லாம் கேட்காமலே கேட்டவருக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒரு பொங்கல் விழாவில் யாரோ ஒரு பெரியவர் அப்படிக் கேட்டபோது, "பதினெட்டு" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்த எண். பக்கத்தில் ஸ்ரீதர் நின்றிருந்தான். அவன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எல்லையில் எல்லோருக்கும் சேர்த்து நுழைவுப் படிவம் நிரப்புகிறேன் என்று ஸ்ரீதர் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டான். அவர்களுடையது நாலும் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட். எங்களில் எனக்கும் ஜெயந்திக்கும் இந்திய பாஸ்போர்ட். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி நீலத்தையெல்லாம் ஒரே நிமிடத்தில் முத்திரை குத்தித் தள்ளிவிட்டு, எங்களுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், உள்ளே எடுத்துக்கொண்டு போனான், வேறொருவனைக் கூட்டிவந்தான். எங்கள் கிரீன் கார்டைக் கேட்டான். திரும்ப உள்ளே போனான். ஒரு மணி நேரம் நின்றோம்.

கடைசியில் திரும்பி வந்த என் பாஸ்போர்ட்டின் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்த ஸ்ரீதர் சத்தமாகச் சொன்னான்: "வித்யா, பழனி பொறந்தது எங்க தெரியுமா? வடக்குத்து! இவன் என்னடான்னா ஊரெல்லாம் பிளாக் பதினெட்டுன்னு சொல்லிட்டுத் திரியறான்."

"அப்படியாண்ணா?" என்று வித்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். என்ன செய்வது, முகம் தானாகவே சிரித்துவிடுகிறது. ஜெயந்தி சிரிக்கவில்லை. அவள் குறிஞ்சிப்பாடிப் பெண். யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்கு என்னைவிட ஒரு நொடி முன்னதாகத் தெரிந்துவிடும்.

3

இனி நாற்றத்துக்கு வருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரலாம்.

வண்டியை வாடகைக்கு விட்ட இடத்தில் ஒரு பெண் எங்களை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தாள். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் சாம்பல் தொட்டி ஒன்று. கழிவறையிலிருந்து போகிறதெல்லாம் சேரும் கறுப்புத் தொட்டி ஒன்று. கறுப்பு நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். இந்த வண்டிகள் தங்கும் முகாம்களில் அதற்கென்று தரையில் ஒரு துளை இருக்கும். குழாயை மாட்டி, அடைப்பானை இழுத்து, காலி செய்ய வேண்டும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றாள்.

அவள் கணக்கு காகிதம் உபயோகிப்பவர்களின் கணக்கு. நாங்கள் ஏழு பேரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. வித்யா இந்தியக் கடையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கழிவறையில் மாட்டி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு தடவைக்கு மூன்று மக் தண்ணீர். சின்னப் பையன் ரிஷி ஐந்து மக் ஊற்றுவான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குடி மாறியிருக்கவில்லை. இரண்டாம் நாள் காலை, சான் கின்டீன் என்ற கடலோர ஊரில், சிவப்பு விளக்கு எரிந்தது.

"எனக்கு முதுகு புடிச்சிருக்குடா, குனிய முடியல" என்றான் ஸ்ரீதர். முந்தின நாள் பையன்களோடு பந்து விளையாடும்போது அந்த முதுகு நன்றாகத்தான் குனிந்தது. பரவாயில்லை என்று நான் போனேன். முதல் தடவை யாருக்கும் சரியாக வராது. குழாயின் வாய் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் வெளியே தெறித்தது. என் செருப்பில், கால்சட்டை ஓரத்தில். ஏழு பேருடையதும் கலந்து வரும் நாற்றம் எப்படி இருக்கும் என்பதை நான் வர்ணிக்கப்போவதில்லை. வெறும் எச்சிலாக வாந்தி எடுத்தேன். அந்த நேரம்தான் ஸ்ரீதர் படம் எடுத்திருக்கிறான்.

அங்கிருந்து உள்நாட்டுப் பாலைவனம். ராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தான். கழிவறையைத் திறந்தவன் அந்த மக்கைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். இது எதற்கு என்று சைகையில் கேட்டான். ஏழு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வித்யா குடிப்பதுபோல் கையைக் காட்டிவிட்டாள். சிப்பாய் மக்கைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாத குறையாகச் சிரித்துவிட்டு இறங்கிப்போனான். அந்தப் பயணத்தில் நான் மனதாரச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நாலாம் நாள் கெர்ரேரோ நெக்ரோ. அங்கே கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் காயவைத்து உப்பு எடுக்கும் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. வண்டி ஊருக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே அளவில் வரிசை வீடுகள், ஷிப்டு முடிந்து ஒரே நிறச் சட்டையில் சைக்கிளில் போகும் ஆட்கள், எல்லாவற்றின் மேலும் படிந்த தூசி. எங்கள் ஊரில் தூசி கறுப்பு, இங்கே வெள்ளை. மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீதான் போன தடவ பண்ண, உனக்குத்தான் தெரியும்" என்றான் ஸ்ரீதர், படுக்கையில் சாய்ந்து செல்போனைப் பார்த்தபடி.

நான் எழுந்தேன். ஜெயந்தி பின்னாலேயே இறங்கி வந்தாள். "அவங்க நாலு பேரு, நாம மூணு பேரு. இதுக்கு மட்டும் உங்க ரெண்டு கைதானா?" என்றாள்.

"விடு ஜெயந்தி, வந்த எடத்துல சண்ட எதுக்கு?"

"நான் சண்ட போடல. நீங்க ஏன் அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எழுந்துக்கிறீங்கன்னு கேக்குறேன்."

நான் குழாயை எடுத்தேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டிருந்தேன்.

4

என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. குடியேற்ற அலுவலகப் படிவங்களில் தகப்பன் பெயர் கேட்பார்கள், பிறந்த ஊர் கேட்பார்கள், தகப்பன் தொழிலைக் கேட்க மாட்டார்கள். அந்த வகையில் இந்த நாட்டு அரசாங்கம் நம் ஊர்க்காரர்களைவிட நாகரிகமானது.

எங்களுக்கு நிலம் கிடையாது. என் அப்பாவைப் பெற்றவர்கள் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை செய்தவர்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சுரங்கத்தில் பெர்மனென்ட், பெர்மனென்ட் என்று கனவு கண்டுகொண்டிருந்த காலத்தில் அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் சாக்கடை அடைத்துக்கொண்டால் போய் எடுத்துவிடும் வேலை. தோளில் நீளமான மூங்கில் பத்தை ஒரு கட்டு, சைக்கிள் கேரியரில் இரும்பு வாளி. வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதற்குப் பிறகு அவர் மேல் ஒரு வாடையும் இருக்காது. ஆனாலும் நான் சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவேன். அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, "அப்பாவுக்குச் சோறு குடுத்துட்டு வாடா" என்று அம்மா தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினாள். விசாரித்துக்கொண்டு போனால், அது ஸ்ரீதரின் வீடு. பின்பக்கம் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அப்பா குனிந்திருந்தார். கொல்லைக் கதவு திறந்து ஸ்ரீதர் எட்டிப் பார்த்தான். நான் வேலி ஓரம் முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவன் உள்ளே போன பிறகு தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிடாமலே ஓடி வந்துவிட்டேன். திங்கட்கிழமை பள்ளியில் ஸ்ரீதர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். யார் கேட்டாலும் அப்பாவுக்கு மைன்ஸில் வேலை என்றே சொல்லிவந்தேன்.

யாழினிக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது, "தாத்தா என்ன வேலைப்பா?" என்று கேட்டாள். அதற்கு முந்தைய கோடை விடுமுறை முழுக்க அவள் வடக்குத்தில் தாத்தாவோடு இருந்துவிட்டு வந்திருந்தாள். ஜெயந்தி அப்போது குறிஞ்சிப்பாடிக்கும் வடக்குத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். நான் கடைசி வாரம்தான் போய்ச் சேர்ந்தேன். "மைன்ஸ்" என்றேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். ஒட்டகம்போல் வாழைப்பழத்தை அசைபோட்டுக்கொண்டு, தமிழை இங்கிலீஷ் மாதிரி பேசும் பெண். இவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

5

தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஒரு வளைகுடா. கண்ணாடித் தண்ணீர், வெள்ளை மணல், பெலிக்கன் பறவைகள். ஸ்ரீதரின் படங்களில் முக்கால்வாசி அங்கே எடுத்ததுதான். அங்கே தரையில் துளை கிடையாது. அங்கே போன இரண்டாம் நாள் கறுப்புத் தொட்டி நிரம்பி வழியும் நிலைக்கு வந்து, ஆளாளுக்கு மக்கை எடுத்துக்கொண்டு விடிகாலையில் கள்ளிப் புதர்களைத் தேடிப் போனார்கள். வித்யா குடை பிடித்துக்கொண்டு போனாள். இதைச் செய்வதற்கு விமானம் ஏறி அமெரிக்கா வந்திருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது.

லொரேட்டோ என்ற ஊரில் முகாம் கிடைத்தது. வண்டி நின்று கொஞ்ச நேரம் கழித்து இறங்கினேன். படிக்கட்டில் நீல ரப்பர் உறைகள் இரண்டையும் ஜோடியாக, நான் மாட்டிக்கொள்ளத் தோதாக, யாரோ வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ஸ்ரீதர் முதுகைப் பற்றிக்கூடப் பேசவில்லை. குடும்பத்தோடு மீன் சாப்பிடக் கடைவீதிக்குப் போயிருந்தான்.

நான் மாட்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாட்டிக்கொண்டு, குழாயைப் பொருத்தி, அடைப்பானை இழுத்தேன். மூன்றாவது தடவையில் கை பழகிவிட்டிருந்தது. தெறிக்கவில்லை, வாந்தி வரவில்லை.

பாதியில் ரிஷி வந்து பக்கத்தில் நின்றான். அவனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் தொப்பியை எடுக்க ஓடி வந்திருக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான்: "அங்கிள், நீங்க இதுல ரொம்பக் கெட்டிக்காரர்னு அப்பா சொன்னாரு. உங்க அப்பாதான் எங்க தாத்தா வீட்டு டாய்லெட்டெல்லாம் சுத்தம் பண்ணுவாராமே? நீங்க ஒரு தடவ மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீங்களாம். நிஜமா?"

குழந்தை. அவனிடம் விஷம் இல்லை. கேட்டதைச் சொல்கிறான். ஆனால் அது எங்கே, எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பது எனக்குக் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில், சிரிப்போடு. இருபத்தைந்து வருடமாக என் முருங்கை மரம் அவன் வீட்டில் நகைச்சுவைத் துணுக்காக இருந்திருக்கிறது. பொங்கல் விழாவில் அவன் காட்டியதைப் பெரிய மனசு என்று நினைத்தேனே, அந்த மனசு இதுதான்.

"நிஜம்தான்" என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். நான் கையைக் கழுவினேன், திரும்பக் கழுவினேன், எரியும்வரை கழுவினேன்.

ஜெயந்தியிடம் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

6

திரும்பும் வழியில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பாலைவனம் அழகாக இருந்தது என்று எழுத வேண்டும்தான், அப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். முள்ளும் பாறையும் செத்த மாடும் அதன் மேல் உட்கார்ந்த கழுகும்தான் எனக்குத் தெரிந்தது. மறுபடி கெர்ரேரோ நெக்ரோவில் அதே முகாமுக்கு வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் உட்கார முடியாத நாற்றம்.

காலையில் ஸ்ரீதர் என்னைப் பார்த்தான். நான் நாற்காலியைப் போட்டு வெயிலில் உட்கார்ந்துகொண்டேன்.

"பழனி, தொட்டி நெறஞ்சிருக்குடா."

"ஆமா, பாத்தேன்."

"அப்ப?"

"இன்னிக்கி உன் முறை."

அவன் சிரித்துப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. முகம் தானாகச் சிரிக்கும் என்று முன்னால் எழுதினேன் அல்லவா, அன்றைக்கு அது அசையவில்லை. அவன் நேராக முகாமைப் பார்த்துக்கொள்ளும் மெக்ஸிகோக்காரரிடம் போனான். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. பர்ஸை எடுத்து, வண்டியையும் குழாயையும் காட்டினான். அவர் பணத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுத்துத் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து வண்டியைக் கையால் காட்டினார். அங்கே ஒரு கனடாக்காரக் கிழவர், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சீட்டியடித்துக்கொண்டு தன் தொட்டியைத் தானே காலி செய்துகொண்டிருந்தார். "அவரவருடையதை அவரவர்" என்று மெக்ஸிகோக்காரர் உடைந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கனடாக்காரர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

ஸ்ரீதர் செய்தானா? இல்லை. திரும்பி வந்து படுக்கையில் படுத்துக்கொண்டான். "அப்படியே ஓட்டிட்டுப் போயி வண்டிய விட்டுடலாம், அபராதம் போட்டா போடட்டும்" என்று வித்யாவிடம் சொன்னது வெளியே கேட்டது. ரெண்டு நாள், எழுநூறு கிலோமீட்டர், நாலு பேருடைய மூக்கும் பொறுத்துக்கொள்ளும். அவன் கைகள் மட்டும் பொறுத்துக்கொள்ளாது. அவ்வளவு அருவருப்பு எனக்கு வேறு எந்த மனிதன் மேலும் வந்ததில்லை. சாக்கடையை எடுத்தவர்களைப் பார்த்து எனக்கு ஏன் அப்படி வந்தது, அதை நிறைத்தவர்களைப் பார்த்து இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன்.

அப்போது வண்டியின் பின்னால் சத்தம் கேட்டது. யாழினி நீல உறைகளை மாட்டிக்கொண்டு குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வரும் உறைகள் அவள் தோள்வரை வந்தன.

"என்ன பண்ற?"

"யாரும் பண்ணலல்ல, நான் பண்றேன். ஈஸிப்பா. நீ பண்றத நான் பாத்துட்டேன்."

ஜன்னலில் வித்யாவின் முகம் தெரிந்தது. "டேய், ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போகாதீங்க, இங்க வாங்க" என்று பையன்களைக் கூப்பிட்டாள். ஸ்ரீதர் கதவருகே வந்து நின்றான். அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

"சூப்பர்டா கண்ணு! அப்பா மாதிரியே!" என்றான்.

எனக்கு எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன் என்று நினைவில்லை. யாழினியின் கையிலிருந்து உறைகளை உருவினேன். படியேறி, அவன் நின்ற இடத்தில், அவன் காலடியில் அவற்றை வைத்தேன்.

"டிராமா பண்ணாத பழனி. யாராவது பண்ணித்தான ஆகணும்?"

"ஆமாண்டா. இங்க நீங்க நாலு பேரு இருக்கீங்க. நாங்க எறங்கிட்டோம்."

ஜெயந்தி பெட்டிகளை ஏற்கெனவே மூடி வைத்திருந்தாள். "என்னண்ணா இது, ஒரு சின்ன விஷயத்துக்கு" என்று வித்யா கீழே இறங்கி வந்தாள். ஜெயந்திதான் பதில் சொன்னாள்: "சின்ன விஷயம்தாங்க. அஞ்சு நிமிஷ வேல. அண்ணனயே பண்ணச் சொல்லுங்க."

மூன்று பேரும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வெள்ளைத் தூசியில் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அந்தத் தொட்டி என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைப் பற்றிப் படம் எதுவும் அவன் போடவில்லை.

7

எல்லை நகரமான திஹுவானாவுக்குப் பஸ் புறப்பட்டபோது காலை பத்து மணி இருக்கும். ஜெயந்தி முன் இருக்கையில் தூங்கிப்போனாள். யாழினி மிளகாய்த்தூள் போட்ட கடலைப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாம் ஏன் இறங்கினோம் என்று அவள் கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? நானே ஆரம்பித்தேன்.

"பாப்பா, தாத்தா மைன்ஸ்ல வேல பாத்தாருன்னு சொன்னேன்ல."

"ம்."

"அது இல்ல. தாத்தா வந்து..."

"தெரியும்ப்பா. டிரெயினேஜ்."

கடலையை மென்றபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரிஷி சொன்னானா?"

"இல்லயே. தாத்தாவே சொன்னாரு. அந்த சம்மர்ல. டெய்லி சைக்கிள்ல டவுன்ஷிப் கூட்டிட்டுப் போவாரு. இது என் லைன், அது என் லைன்னு காட்டுவாரு. எந்த வீட்டு மூடி எங்க இருக்குன்னு அவருக்கு எல்லாமே தெரியும்ப்பா. ஒரு ஆன்ட்டி எனக்கு கொய்யாப்பழம்கூட குடுத்தாங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வெளியே அதே முள்ளும் பாறையும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

இப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தாத்தாவின் குரலிலேயே, அவர் இழுக்கும் இழுப்போடு சொன்னாள். இங்கிலீஷ் வாடையே இல்லாத தமிழ் அவள் வாயிலிருந்து வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"'உங்கப்பன்கிட்ட மட்டும் சொல்லிட வாணாம் கண்ணு. கேட்டான்னா மைன்ஸுன்னே சொல்லிடு. அவன் எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிகினு இருக்கான். தெரிஞ்சா சங்கடப்பட்டுக்குவான்.'"

அப்பாவுக்குத் தன் வேலையில் வெட்கம் இருந்ததில்லை. நான் தள்ளி உட்கார்ந்ததையும் அவர் பார்த்திருக்கிறார், தூக்குவாளியை வைத்துவிட்டு ஓடியதையும் பார்த்திருக்கிறார். எழுபது வயதில், பத்து வயதுப் பேத்தியிடம், மகனின் பொய்யைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் காப்பாற்றியிருக்கிறாள். குடும்ப மரம் வரைந்த அன்று அவள் தலை நிமிராமல் எழுதியது எனக்காக. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கேட்க வேண்டிய மனிதர் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஸ்ரீதர் மேல் இருந்த அருவருப்பையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

யாழினி பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"சங்கடமா இருக்காப்பா?"

"இல்லம்மா" என்றேன்.